முயல் திடீரெனத் தீனியை விட்டுவிட்டால்: வீட்டிலேயே பார்ப்பதா, பக்கத்துக் கிளினிக்கா, இரவு மருத்துவமனையா?

சென்ற மாதம் கெப்போங்கில் இருக்கும் அக்கா ஒருவர் இரவு பதினொன்றரை மணிக்கு என்னை அழைத்தார். "தம்பி, மத்தியானம்கூட நல்லா ஓடிக்கிட்டு இருந்துச்சு. இப்போ கொத்தமல்லியை நீட்டினாக்கூட மூஞ்சைத் திருப்பிக்குது. காலையில கிளினிக் திறக்குற வரைக்கும் பார்க்கட்டுமா, இல்லை இப்பவே தூக்கிட்டுப் போகணுமா?" என்று கேட்டார். கோலாலம்பூரில் முயல் வளர்க்கும் தமிழ்க் குடும்பங்களிடமிருந்து எனக்கு அடிக்கடி வரும் கேள்வி இது. கேட்பவர்களுடைய முயல்கள் பெரும்பாலும் நோயே கண்டிராதவை என்பதால்தான் குழப்பமும் கூடுதலாக இருக்கிறது.

நான் மருத்துவன் அல்லன். பன்னிரண்டு ஆண்டுகளாக செந்தூலில் ஓர் அடுக்குமாடி வீட்டில் முயல் வளர்த்து வருகிறேன். இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் குடல் மந்தத்தை, அதாவது மருத்துவர்கள் ஜி.ஐ. ஸ்டேசிஸ் என்று சொல்லும் நிலையை, பல முறை எதிர்கொண்டு, தவறாகவும் முடிவெடுத்து, சரியாகவும் முடிவெடுத்திருக்கிறேன். நள்ளிரவில் நம் முன் இருக்கும் வழிகளை அந்த அனுபவத்தையும் மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் வைத்து இங்கே ஒப்பிடுகிறேன்.

## முதலில், உள்ளே என்ன நடக்கிறது

முயலின் குடல் நிற்காமல் ஓடவேண்டிய குடல். செரிக்காத நார் உள்ளே வந்துகொண்டே இருந்தால்தான் அது தள்ளும். நல்ல நிலையில் இருக்கும் முயல் ஒரு நாளில் நூற்றுக்கும் மேற்பட்ட புழுக்கைகளைப் போடுவது அதனால்தான். சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் சீக்கம் என்ற பெரிய பை ஒன்று இருக்கிறது. அதில் வாழும் நுண்ணுயிர்கள் புல்லை நொதிக்கச் செய்ய, அங்கிருந்து திராட்சைக் கொத்துப் போல் பளபளப்பாக வரும் மென்மையான புழுக்கையை முயல் தானே குனிந்து தின்றுவிடும். வலி, பயம், வெப்பம், தண்ணீர்க் குறைவு, நார் குறைந்த தீனி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இந்த ஓட்டத்தை மெதுவாக்கினால், உள்ளே இருப்பது வற்றி இறுகுகிறது, வாயு சேர்கிறது, வாயு வலியைத் தருகிறது, வலி பசியைக் கொல்கிறது, பசி போனதால் குடல் மேலும் மெதுவாகிறது. முயலால் வாந்தி எடுக்க முடியாது; ஆகவே உள்ளே சேர்ந்தது மேல்வழியாக வெளியேற வாய்ப்பே இல்லை. பட்டினி நீண்டால் உடல் தன் கொழுப்பைக் கரைத்துக் கல்லீரலில் கொண்டுபோய்க் குவிக்கிறது. பருத்த முயல்களுக்கு இந்த ஆபத்து கூடுதல்.

"முடி அடைத்துக்கொண்டது" என்று பலரும் காரணம் சொல்வார்கள். நலமான முயலின் வயிற்றிலும் முடி எப்போதும் இருக்கவே செய்கிறது. குடல் மெதுவாகி நீர் வற்றிய பிறகே அது தீனியோடு சேர்ந்து களிமண் போல் இறுகுகிறது. பெரும்பாலான நேரங்களில் அந்த உருண்டை மந்தத்தால் வந்த விளைவு. இதை இங்கேயே சொல்லக் காரணம், அன்னாசிச் சாறும் பப்பாளி மாத்திரையும் முடியைக் கரைக்கும் என்ற நம்பிக்கை நம்மிடையே இன்னும் வலுவாக இருப்பதுதான். அவற்றில் உள்ள நொதிகள் முடியின் புரதத்தை உடைப்பதில்லை. சாற்றில் உள்ள சர்க்கரையோ ஏற்கெனவே நிலைகுலைந்திருக்கும் சீக்கத்தை மேலும் கெடுக்கும்.

## எதை வைத்து முடிவெடுப்பது

முதல் அளவுகோல் மணிக்கணக்கு. முயல் கடைசியாகத் தின்றது எப்போது, கடைசிப் புழுக்கை விழுந்தது எப்போது என்ற இரண்டுக்கும் விடை வேண்டும். இரவு தீனி வைத்துவிட்டு உறங்கப் போகும் வீட்டில் இந்த விடை பெரும்பாலும் கிடைப்பதில்லை. "மாலை பார்த்தபோது நன்றாக இருந்தது" என்பது ஆறு மணியா எட்டு மணியா என்பதில் நிறைய அடங்கியிருக்கிறது. பன்னிரண்டு மணி நேரம் தீனியும் புழுக்கையும் இல்லையென்றால் அது அவசரநிலை என்பது பொதுவான கணக்கு. நான் அதை எட்டு மணி நேரமாகவே வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நாம் கவனிக்கத் தொடங்கியது தாமதமாகவே இருக்கும்.

இரண்டாவது உடல் வெப்பம். என் பார்வையில் எல்லாவற்றிலும் முதன்மையானது இதுதான். பெரும்பாலோர் பார்க்காமல் விடுவதும் இதைத்தான். முயலின் இயல்பான வெப்பம் ஏறத்தாழ 38.5 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை. மனிதருக்குக் காய்ச்சல் என்று நாம் பதறும் எண், முயலுக்கு நலம். 38-க்குக் கீழே இறங்கிவிட்டால் உடல் தளரத் தொடங்கிவிட்டது என்று பொருள். மருத்துவரிடம் போகும்போதே உடல் குளிர்ந்திருக்கும் முயல்கள் பிழைப்பது கடினமாகிறது. நுனி வளையக்கூடிய மின்னணுத் தெர்மாமீட்டரில் வாஸ்லின் தடவி, முயலின் பின்பகுதியை மடியில் நன்றாகத் தாங்கிக்கொண்டு, ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் மட்டும் ஆசனவாயில் செலுத்திப் பார்க்கவேண்டும். துள்ளினால் முதுகெலும்பே முறியக்கூடும் என்பதால், பழக்கமில்லாதவர்கள் இதை நலமான நாளில் மருத்துவர் முன்னிலையில் ஒருமுறை கற்றுக்கொள்வது நல்லது. அதுவும் முடியாதென்றால் காதுகளைத் தொட்டுப் பாருங்கள். அறை புழுக்கமாக இருந்தும் காது சில்லென்றிருந்தால் அது கெட்ட அறிகுறி.

நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கலும் இதில் இருக்கிறது. முயலுக்கு வசதியான அறை வெப்பம் ஏறத்தாழ 15 முதல் 21 டிகிரி. கோலாலம்பூரின் பகல் ஆண்டு முழுவதும் 32, 33 டிகிரியைத் தொடுகிறது. மாலை வெயில் அடிக்கும் பால்கனியில் கூண்டை வைத்திருந்தால் முயல் தீனியை விடுவதற்கு வெப்பமே காரணமாக இருக்கலாம். அப்போது காது கொதிக்கும், மூச்சு இரைக்கும், உடல் வெப்பம் 40.5-ஐத் தாண்டும். அந்த முயலை வெளிநாட்டுக் குறிப்புகளைப் படித்துவிட்டு வெந்நீர்ப் புட்டியோடு படுக்கவைப்பது கொடுமை. ஆகவே தெர்மாமீட்டரில் எண்ணைப் பார்க்கும்வரை சூடேற்றவும் வேண்டாம், குளிர்விக்கவும் வேண்டாம்.

மூன்றாவது வயிறு. இரண்டு கைகளாலும் மெதுவாகத் தாங்கிப் பார்த்தால், சாதாரண மந்தத்தில் வயிறு மாவு பிசைந்தது போல் சற்றுக் கெட்டியாக, ஆனால் அமுங்கக்கூடியதாக இருக்கும். மத்தளம் போல் விறைத்து, விலா எலும்புக்குப் பின்னால் உப்பி, தொட்டாலே பல்லை நறநறவென்று கடித்தால் குடலில் அடைப்பு இருக்கலாம். அடைப்பு என்றால் கீழே சொல்லப்போகும் வீட்டு வைத்தியம் எதுவும் பொருந்தாது. மந்தம் மெல்ல மெல்ல வரும். அடைப்பு ஒரு மாலைக்குள் முயலைத் துவளச் செய்துவிடும்.

கைத்திறனும் கையிருப்பும், தூரம், பணம் ஆகியவை எஞ்சிய அளவுகோல்கள். அவற்றை ஒவ்வொரு வழியிலும் தனித்தனியாகப் பார்க்கலாம்.

## வழி ஒன்று: காலைவரை பொறுத்துப் பார்ப்பது

செலவே இல்லாத வழி போலத் தோன்றும். எனக்கு மிக அதிகச் செலவு வைத்தது இதுதான்.

எங்கள் முதல் முயலின் பெயர் வெல்லம். நிறத்தால் வந்த பெயர். ஒரு தீபாவளிக்கு மறுநாள், செந்தூலில் இரண்டு இரவுகளாக வெடி ஓயாதிருந்த சமயம், இரவு பத்து மணிக்கு அவள் கூண்டின் மூலையில் முதுகை வளைத்துக்கொண்டு, வயிற்றைத் தரையில் அழுத்தியபடி உட்கார்ந்திருந்தாள். "வெடிச் சத்தத்தில் பயந்திருக்கிறாள், காலையில் சரியாகிவிடும்" என்று விளக்கை அணைத்தேன். காலை ஏழு மணிக்குத் தட்டில் முந்தைய நாளின் புழுக்கைகள் மட்டும் கிடந்தன. அவற்றைக் கையில் எடுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது: வழக்கமாகக் கொண்டைக்கடலை அளவில் இருப்பவை மிளகு அளவுக்குச் சிறுத்து, இரண்டிரண்டாக முடியால் கோக்கப்பட்டிருந்தன. குடல் இரண்டு நாள்களாகவே மெதுவாகிக்கொண்டிருந்தது. நான் பார்த்தது அதன் கடைசிப் பகுதியை மட்டுமே. கிளினிக் திறந்து, மருத்துவர் வந்து, முறை வருவதற்குள் பத்தரை மணி. அப்போது அவள் உடல் வெப்பம் 37.4. மூன்று இரவுகள் மருத்துவமனையில் தங்கிப் பிழைத்தாள். முந்தைய இரவே போயிருந்தால் ஓர் ஊசியோடும் டிரிப்போடும் முடிந்திருக்கலாம் என்றார் மருத்துவர்.

அப்படியானால் பொறுத்துப் பார்ப்பது எப்போதும் தவறா? ஒரே ஒரு நிலையில் அதை ஏற்கலாம்: முயல் பெல்லட்டை, அதாவது கடையில் விற்கும் உருண்டைத் தீனியை, விட்டுவிட்டது, ஆனால் காய்ந்த புல்லையும் கீரையையும் இன்னும் கொறிக்கிறது, புழுக்கை சிறுத்தாலும் விழுந்துகொண்டிருக்கிறது, உடல் வெப்பம் சரியாக இருக்கிறது, நீங்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து பார்க்கப் போகிறீர்கள். எழுந்து பார்க்கமாட்டோம் என்று உங்களுக்கே தெரிந்தால் இந்த வழியை விட்டுவிடுங்கள்.

## வழி இரண்டு: வீட்டிலேயே பராமரிப்பது

இது வெறுமனே பொறுத்திருப்பதிலிருந்து வேறுபட்டது. தண்ணீர், நார், வெப்பம், அசைவு ஆகிய நான்கையும் நாமே கொடுக்க முயல்கிறோம். தொடக்கநிலை மந்தத்தில், வயிறு மென்மையாகவும் உடல் வெப்பம் 38.5-க்கு மேலும் இருந்தால், இது நியாயமான வழி. சில நேரங்களில், பயணத்தையே அஞ்சும் முயலுக்கு, இதுவே மேலான வழி.

செய்யவேண்டியது இது. முதலில் ஈரமான கீரையைக் கழுவித் தண்ணீர் சொட்டச் சொட்டத் தரவேண்டும். கொத்தமல்லி, புதினா, துளசி போன்ற மணமுள்ள இலைகள் பசியை எழுப்பும். பசாரில் மலிவாகக் கிடைக்கிறதே என்று கங்கோங்கையே கட்டுக்கட்டாகப் போடவேண்டாம். முயல் தானாகத் தின்னவில்லையென்றால், தாவரம் தின்னும் விலங்குகளுக்கென்று விற்கும் கிரிட்டிக்கல் கேர் போன்ற நார்ப்பொடியை வெதுவெதுப்பான நீரில் கரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சால், வாயின் பக்கவாட்டில், முன்பற்களுக்குப் பின்னுள்ள இடைவெளி வழியாக ஊட்டவேண்டும். ஒரு கிலோ எடைக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லி, நாளில் நான்கைந்து வேளை என்பது வழக்கமான அளவு. முதல் வேளையில் அதில் பாதியே போதும். ஒரு மில்லி கொடுத்து, மென்று விழுங்குவதைப் பார்த்து, அடுத்த மில்லி. மல்லாக்கப் படுக்கவைத்து ஊட்டினால் மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியாவில் முடியும். நான் முதன்முறை ஊட்டியபோது சட்டையிலும் சுவரிலும் போனது பாதி. முயலின் வாய்க்குள் போனது எத்தனை மில்லி என்று எனக்கே தெரியாததால் அந்த வேளையைக் கணக்கில் சேர்க்கவே முடியவில்லை.

குழந்தைகளின் வாயுத் தொல்லைக்கு ஃபார்மசியில் விற்கும் சிமெதிகோன் சொட்டு மருந்தைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். அது குடலில் உறிஞ்சப்படுவதில்லை, கெடுதல் பெரிதாக இல்லை. மந்தத்தை அது தீர்க்கும் என்பதற்குத் திடமான சான்றும் இல்லை. கொடுத்துவிட்டோம் என்ற நிம்மதியில் நாம் தூங்கிவிடுவதுதான் அதன் உண்மையான ஆபத்து. வீட்டுப் பெரியவர்கள் ஓமத் தண்ணீரையும், வயிற்றில் தடவத் தைலத்தையும் கொண்டுவருவார்கள். என் அம்மாவும் கொண்டுவந்தார். குழந்தைக்குக் கேட்கும் வைத்தியம் முயலுக்கும் கேட்கும் என்பது அன்பில் வரும் நினைப்பு. ஆனால் தைலத்தை முயல் நக்கிவிடும், அதன் நெடி மூச்சை எரிக்கும். மனிதருக்கான வலி மாத்திரையை நறுக்கிக் கொடுப்பது இன்னும் மோசம். மெலோக்சிகாம் போன்ற முயலுக்கு ஏற்ற வலி மருந்துகூட, உடலில் நீர் வற்றியிருக்கும்போது சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும் என்பதால் அளவை மருத்துவரே முடிவுசெய்யவேண்டும்.

மறைந்திருக்கும் செலவு இந்த வழியில்தான் அதிகம். நார்ப்பொடி வீட்டில் இல்லையென்றால் நள்ளிரவில் எங்கும் கிடைக்காது; கடைசி நேரத்தில் வாங்க முடியாத பொருளை நம்பியிருப்பது வழியே ஆகாது. ஒரு பொட்டலம் பிரித்து உறைபெட்டியில் வைத்திருப்பது, வளையும் தெர்மாமீட்டர், இரண்டு மூன்று சிரிஞ்சுகள், சிறிய தராசு ஆகியவற்றுக்கு முன்கூட்டியே பணம் போடவேண்டும். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஊட்ட மறுநாள் வேலைக்கு விடுப்பும் எடுக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், வலி மருந்து இல்லாமல் ஊட்டுவதால் வலி போய்விடாது. கல்லீரலின் ஒரு மடல் முறுக்கிக்கொள்வது, கடைவாய்ப் பல்லின் முனை நாக்கைக் குத்துவது, சிறுநீர்ப் பாதையில் கல் இருப்பது ஆகிய எல்லாமே வெளியிலிருந்து பார்த்தால் "திடீரெனத் தின்னவில்லை" என்றே தெரியும்.

ஊட்டத் தொடங்கி நான்கு மணி நேரத்தில் ஒரு புழுக்கையும் விழவில்லை, தானாக ஒரு வாயும் தின்னவில்லை என்றால் இந்த வழி முடிந்தது. வயிறு விறைத்திருந்தால் இதைத் தொடங்கவே கூடாது. அடைப்புக்கு மேல் உணவைத் தள்ளுவது வயிற்றைக் கிழிக்கும் அளவுக்குப் போகலாம்.

## வழி மூன்று: பக்கத்துத் தாமானில் உள்ள நாய், பூனை கிளினிக்

முயல் வளர்ப்பவர்களில் சிலர் இதை ஏளனமாகப் பேசுவார்கள். எனக்கு அந்தக் கருத்து இல்லை. நடந்து போகும் தூரத்தில் இருக்கும் கிளினிக்கில் தோலுக்கடியில் நீரேற்றவும், வலி ஊசி போடவும், உடலைச் சூடாக்கவும், எக்ஸ்ரே எடுக்கவும் முடியுமானால், நாற்பது நிமிடப் பயணத்துக்குப் பின் கிடைக்கும் சிறந்த மருத்துவத்தை விட அது பல நேரங்களில் பயனுள்ளது. உடல் குளிரத் தொடங்கிய முயலுக்கு நிமிடங்கள் கணக்கு.

ஆனால் எந்தக் கிளினிக் என்பதை நலமான நாளிலேயே தொலைபேசியில் கேட்டு வைத்திருக்கவேண்டும். நான் கேட்கும் கேள்விகள் மூன்று. அறுவை சிகிச்சைக்கு முன் முயலைப் பட்டினி போடச் சொல்வீர்களா? வாந்தி எடுக்க முடியாத, குடல் நிற்கவே கூடாத விலங்குக்குப் பட்டினி தேவையில்லை. "ஆமாம், முந்தைய இரவிலிருந்து ஒன்றும் தரவேண்டாம்" என்று விடை வந்தால் அங்கே முயல் அனுபவம் குறைவு. முயலுக்கு வாய்வழி அமோக்சிசிலின் தருவீர்களா? பெனிசிலின் வகைகளையும் கிளிண்டாமைசினையும் வாய்வழி கொடுத்தால் சீக்கத்தில் உள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, நச்சுக் கிருமி பெருகி, முயல் இறக்கக்கூடும். இரத்தத்தில் சர்க்கரையை உடனே பார்க்க முடியுமா? இந்த மூன்றாவது கேள்வியைக் கீழே விரிக்கிறேன்.

இதே வட்டாரத்தில் உள்ள ஒரு கிளினிக்கில், பெயர் வேண்டாம், எங்கள் இரண்டாவது முயலுக்கு வயிற்றைத் தொட்டே பார்க்காமல் குடலைத் தள்ளும் ஊசியைப் போட எடுத்தார்கள். அடைப்பு இல்லை என்று உறுதியாகாமல் போட்டால் ஆபத்தாயிற்றே என்று கேட்டதும், அந்த இளம் மருத்துவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு எக்ஸ்ரே எடுத்தார். கேட்டதற்காக அவர் கோபிக்கவில்லை. கேட்கத் தெரியாமல் போகிறவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

பகல் நேரம், மென்மையான வயிறு, இடைப்பட்ட நிலை என்றால் இந்த வழியே செலவுக்கும் பயனுக்கும் பொருத்தமானது. ஞாயிற்றுக்கிழமை, பொது விடுமுறை, பெருநாள் வாரம் என்றால் இந்த வழி மூடியிருக்கும். வெடிச் சத்தமும், விருந்தினர் கூட்டமும், தீனி நேரம் தவறுவதும் சேர்ந்து பெருநாள்களிலேயே முயல்கள் நோய்ப்படுகின்றன என்பதை மறக்கவேண்டாம்.

## வழி நான்கு: முயல் பார்க்கத் தெரிந்த மருத்துவர்

பறவை, முயல், ஆமை போன்றவற்றைத் தனிக் கவனத்தோடு பார்க்கும் மருத்துவர்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் இருக்கிறார்கள். செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் விலங்கு மருத்துவமனையும் இருக்கிறது. அடைப்பா மந்தமா என்று பிரித்தறிவது, மயக்க மருந்து கொடுத்துக் கடைவாய்ப் பற்களைச் சரிசெய்வது, தேவைப்பட்டால் அறுவைக்குப் போவது ஆகியவற்றில் இவர்களுக்கு இணை இல்லை. இது இரண்டாவது முறை, மூன்றாவது முறை வரும் மந்தம் என்றால் வேறு எந்த வழியையும் நினைக்கவே வேண்டாம்.

குறை தூரமும் நேரமும். செந்தூலிலிருந்து செர்டாங் ஏறத்தாழ 25 கிலோமீட்டர்; மாலை நெரிசலில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. ஈ-ஹெய்லிங் ஓட்டுநர்கள் எல்லோரும் விலங்கை ஏற்றமாட்டார்கள். முன்பே செய்தி அனுப்பிச் சம்மதம் கேட்கவேண்டும், சிலர் கூடையைப் பார்த்ததும் பயணத்தை ரத்து செய்துவிடுவார்கள். நல்ல மருத்துவர்களிடம் முன்பதிவு நாள்கணக்கில் நிறைந்திருக்கும் என்பதால், "தின்னவில்லை, எத்தனை மணி நேரமாக, உடல் வெப்பம் இவ்வளவு" என்று எண்ணோடு சொன்னால்தான் அவசரமாக உள்ளே விடுவார்கள். பொத்தாம்பொதுவாக "உடம்பு சரியில்லை" என்றால் வியாழக்கிழமைக்கு நேரம் தருவார்கள்.

## வழி ஐந்து: இருபத்துநான்கு மணி நேர மருத்துவமனை

இரவில் கதவு திறந்திருப்பது இங்கே மட்டும்தான். முன்பணம், இரவு நேரக் கூடுதல் கட்டணம், இரண்டு கோணத்தில் எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனை, டிரிப், ஓர் இரவுக்கான தங்கும் கட்டணம் என்று பில் வரிவரியாக நீளும். உள்ளே நுழைந்ததும் மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள். எது இப்போதே அவசியம், எது காலையில் செய்தாலும் போதும் என்றும் கேளுங்கள். இதைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பணம் குறைவாக இருந்தால் நான் முதலில் கேட்பது இரத்தச் சர்க்கரைச் சோதனையை. காதிலிருந்து எடுக்கும் ஒரு சொட்டு இரத்தத்தில் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மந்தத்தில் இருக்கும் முயலுக்குச் சர்க்கரை சற்றே கூடியிருக்கும். லிட்டருக்கு 20 மில்லிமோலைத் தாண்டினால் நிலைமை கடுமை, குடல் அடைப்பை வலுவாக ஐயுறவேண்டும். எக்ஸ்ரேக்கு முன்பே அந்த ஓர் எண் மருத்துவரின் வேகத்தை மாற்றிவிடும்.

மறைந்த செலவு இங்கே பணத்தில் மட்டும் இல்லை. இரவுப் பணியில் இருப்பவர் நாய், பூனையில் கைதேர்ந்தவராகவும் முயலில் புதியவராகவும் இருக்கலாம்; மேலே சொன்ன மூன்று கேள்விகள் இங்கேயும் பொருந்தும். குரைக்கும் நாய்களுக்கு நடுவில் கூண்டில் கிடப்பது, பயத்தால் நின்ற குடலுக்கு மருந்து ஆகாது; பூனை, நாய் இல்லாத அறை இருக்கிறதா என்று கேட்டுப் பெறவேண்டும். சோடியாக வளரும் முயல் என்றால் துணையையும் அழைத்துப் போங்கள். பிரித்து வைத்து மூன்று நாள் கழித்துச் சேர்த்தால், வேற்று வாசனையைப் பிடித்துக்கொண்டு இரண்டும் சண்டையிட்டுக் காயப்படுத்திக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன்.

வீண் பயணமும் நேரும். ஒருமுறை அதிகாலை இரண்டு மணிக்கு அலறிக்கொண்டு ஓடினேன். பதிவு மேசையில் படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கும்போதே, கூடைக்குள் விரித்திருந்த துண்டின்மேல் பதினோரு புழுக்கைகளைப் போட்டுவிட்டு முயல் புல்லைக் கடிக்கத் தொடங்கியது. காரின் குலுக்கலே குடலை அசைத்திருக்கவேண்டும். பரிசோதனைக் கட்டணத்தையும் இரவுக் கட்டணத்தையும் கட்டிவிட்டுத் திரும்பினேன். வெல்லத்தின் மூன்று இரவுகளோடு ஒப்பிட்டால் அது சிறுதொகை.

## அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால்

| முயலின் நிலை | பகலில் | இரவில் |
|---|---|---|
| குறைவாகத் தின்கிறது, புழுக்கை சிறுத்திருக்கிறது, வெப்பம் 38.5–40 | வீட்டுப் பராமரிப்பு; மருத்துவருக்கு அழைத்து நேரம் கேட்கவும் | வீட்டுப் பராமரிப்பு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கவனிப்பு |
| எட்டு மணி நேரமாக எதுவும் இல்லை, வயிறு மென்மை, வெப்பம் சரி | பக்கத்துக் கிளினிக் அல்லது முயல் மருத்துவர் | ஊட்டிப் பார்க்கவும். நான்கு மணி நேரத்தில் மாற்றம் இல்லையேல் இரவு மருத்துவமனை |
| வெப்பம் 38-க்குக் கீழ், துவண்டிருக்கிறது | மிக அருகில் திறந்திருக்கும் எந்தக் கிளினிக்கும் | இரவு மருத்துவமனை, வழியில் துண்டில் சுற்றிய வெந்நீர்ப் புட்டியோடு |
| வயிறு விறைப்பு, பல் நறநறப்பு, திடீர் தளர்ச்சி | முயல் மருத்துவர். தூரம் என்றால் எக்ஸ்ரே உள்ள அருகுக் கிளினிக் | இரவு மருத்துவமனை. வாயில் எதுவும் ஊட்டவேண்டாம் |
| வெப்பம் 40.5-க்கு மேல், காது கொதிக்கிறது | ஏர்கோன் அறை, காதில் ஈரத்துணி, உடனே கிளினிக் | அதேபோல், இரவு மருத்துவமனை |

ஐஸ் தண்ணீரில் முக்கவேண்டாம். காதில் குளிர்ந்த நீரைத் தடவினால் போதும். காதுகள் வழியாகத்தான் முயல் உடல் வெப்பத்தை வெளியேற்றுகிறது.

பணம் ஒரு தடையாக இருக்கும் வீடுகளுக்கு ஒரு சொல். மாதம் ஐம்பது வெள்ளியைத் தனியே எடுத்து வைத்தால் ஓராண்டில் 600 வெள்ளி சேரும். அது ஓர் இரவுப் பில்லை முழுமையாக அடைக்காமல் போகலாம். ஆனால் காரில் ஏறலாமா வேண்டாமா என்று படியில் நின்று யோசிக்கும் அரை மணி நேரத்தை அது மிச்சப்படுத்தும்.

## பிழைத்த பிறகு

முயல் வீடு திரும்பியதும் வேலை முடிந்துவிட்டதாக எண்ணிப் பலரும் காரணத்தைத் தேடாமல் விட்டுவிடுகிறார்கள். நலமாக இருந்த முயலின் குடல் காரணமின்றி நிற்பதில்லை. வீடு மாறியது, சுண்ணாம்பு அடித்த நெடி, புதிய பெல்லட், ஒரு வாரமாகப் புல் கடையில் கிடைக்காதது, தண்ணீர்ப் புட்டியின் குண்டு சிக்கிக்கொண்டது என்று ஏதாவது ஒன்று இருக்கும். இதில் கடைசியாகச் சொன்னதைப் பற்றிக் கூடுதலாகச் சொல்லவேண்டும்: புட்டியில் தண்ணீர் நிறைந்திருப்பதைப் பார்த்து நாம் திருப்தி அடைகிறோம், முயல் குடிக்க முடியாமல் போனாலும் அது நிறைந்தே இருக்கும். கனமான பீங்கான் கிண்ணத்துக்கு மாறிய பிறகு எங்கள் வீட்டில் மந்தம் வெகுவாகக் குறைந்தது.

வெளியில் ஒன்றும் தெரியவில்லை, ஆறு மாதத்துக்குள் மீண்டும் வந்தது என்றால் பற்களைப் பார்க்கவேண்டும். முயலின் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. புல் மென்று தேயாத கடைவாய்ப் பல் ஊசி முனையாக வளர்ந்து நாக்கையோ கன்னத்தையோ கிழிக்கும். வாயைத் திறந்து விளக்கடித்துப் பார்ப்பதில் பின்பற்கள் பலவும் தெரியாமல் போகும். மயக்க மருந்து கொடுத்தே முழுமையாகப் பார்க்க முடியும், அதை நான்காவது வழியில் சொன்ன மருத்துவரிடம் பகலில் நேரம் குறித்துச் செய்வதே முறை.

கெப்போங் அக்காவிடம் அன்றிரவு நான் முதலில் கேட்டது முயலின் உடல் வெப்பத்தை. வீட்டில் தெர்மாமீட்டர் இல்லை. காது சில்லென்றிருக்கிறது, வயிறு மெத்தென்றுதான் இருக்கிறது, மாலை ஆறு மணிக்குப் பிறகு புழுக்கையைப் பார்க்கவில்லை என்றார். நேற்றைய புழுக்கை எந்த அளவில் இருந்தது என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. சிறிது நேரம் குப்பைப் பையைக் கிளறும் ஓசை மட்டும் கேட்டது. பிறகு, "சின்னச் சின்னதா, முடியில கோத்த மாதிரி இருக்கு தம்பி" என்றார். கார்ச் சாவியை எடுக்கச் சொன்னேன்.